உள்ளே, வெளியே: அன்றாட அன்பைப் பாடும் கன்னடக் கவிதையும் தமிழ் மொழிபெயர்ப்பும்

கே. எஸ். நரசிம்மசுவாமியின் 'மைசூர மல்லிகெ' 1942-இல் வெளிவந்தது. டி. வி. குண்டப்பாவின் 'மங்குதிம்மன கக்க' அதற்கு அடுத்த ஆண்டில் வெளிவந்தது. முன்னது மணவாழ்வைப் பாடும் இசைப்பாடல்களின் தொகுதி. பின்னது நான்கடிச் செய்யுள்கள் 945 கொண்ட அறநூல். இரு கவிஞரும் பெங்களூரில் நெடுங்காலம் வாழ்ந்து, குண்டப்பா 1975-இலும் நரசிம்மசுவாமி 2003-இலும், அந்நகரிலேயே மறைந்தனர். இந்நூல்கள் படிக்கப்படுவதினும் மிகுதியாக வாய்வழி வழங்குவன. 'பாவகீதெ' என்று கன்னடர் குறிக்கும் இசை மரபு 'மைசூர மல்லிகெ'யை நூலைக் கண்ணால் காணாதவரிடத்தும் கொண்டு சேர்த்தது, 1992-இல் டி. எஸ். நாகாபரணா அதே பெயரில் திரைப்படம் ஒன்றையும் எடுத்தார். 'கக்க'த்தின் செய்யுள்களோ பேச்சினிடையே பழமொழிபோல் எடுத்தாளப்படுகின்றன.

இவ்விரு நூல்களையும் பாராட்டுவோர் அன்பு, கருணை, விழிப்புணர்வு என்னும் மூன்று சொற்களைத் தவறாது பயன்படுத்துவர். பாராட்டு பொய்யன்று. ஆயினும் மொழிபெயர்ப்பாளனுக்கு அதனால் பயனில்லை. இக்கவிதைகளில் அன்பின் வேலையை அன்பு என்னும் பெயர்ச்சொல் செய்வதில்லை. உள், வெளி, வீடு, நீர், வளை, துரை, மைத்துனி போன்ற, எவரும் நின்று நோக்காத சொற்களே அவ்வேலையைச் செய்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை தமிழுக்கும் கன்னடத்திற்கும் பொதுவான வேர்களிலிருந்து வந்தவை. எனவே தமிழ் மொழிபெயர்ப்பாளன் எங்கே நிற்க வேண்டுமோ அங்கேதான் விரைந்து கடந்து செல்கிறான். கன்னடத்திலிருந்து தமிழுக்கு வரும் கவிதைகள் பல, சொல் பிழைபடாமலே உயிர் இழந்து நிற்பதற்கு இது ஒரு முதன்மையான காரணம்.

வளையல்காரர் கொண்டுவந்த சொல்

'மைசூர மல்லிகெ'யின் புகழ்பெற்ற பாடல்களுள் ஒன்று வளையல்காரர் கூற்றாக அமைந்தது. மனைவி தாய்வீடு சென்றிருக்கிறாள். அவ்வூரிலிருந்து வரும் வளையல்காரர் கணவனின் வாயிலில் நின்று, உள்ளே வர இசைவு கேட்டு, அவள் நிலையை எடுத்துரைக்கிறார். அவள் நலம், அவள் நினைவெல்லாம் இவன்மேல், சினம் தணிந்து இவன் செல்ல வேண்டும். செய்தி இவ்வளவே.

தமிழ் வாசகர்க்கு இந்நிலை புதியதன்று. தொல்காப்பியம் கற்பியலில் தோழி, தாய், பாணன், விறலியர் முதலாகப் பன்னிரு வாயில்களைக் கூறுகிறது. ஆயினும் பாணனோடு வளையல்காரரை ஒப்பிட்டு அமைதல் பொருந்தாது. மருதத்துப் பாணன் பெரும்பாலும் தலைவனின் ஆள். தலைவியும் தோழியும் அவனை நம்புவதில்லை. வளையல்காரரோ பெண்ணின் பக்கத்திலிருந்து வருபவர். அயல் ஆடவர் எவர்க்கும் இல்லாத உரிமை ஒன்று அவர்க்கு உண்டு. வீட்டுப் பெண்களின் கையைப் பற்றி, விரல்களைக் குவித்து, வலிக்காமல் வளை ஏற்றுபவர் அவர். அந்தத் தொழிலின் பக்குவம் அவர் பேச்சிலும் இருக்கிறது. இருவர்க்கிடையே உள்ள ஊடலை உடைக்காமல் நெகிழ்த்துகிறார். கருணை என்று எவரும் பெயரிடாத கருணை இது.

இப்பாடலைத் தமிழாக்குவோர் முதலில் எதிர்கொள்ளும் சொல் 'பளெகார'. சொன்முதல் வகரம் கன்னடத்தில் பகர ஒலியாக மாறும் முறைப்படி தமிழ் 'வளை' அங்கே 'பளெ' ஆயிற்று. 'வளையல்காரர்' என்று எளிதில் பெயர்த்துவிடலாம். இடர் அடுத்த சொல்லில் இருக்கிறது. வளையல்காரர் கணவனைத் 'தொரெ' என்று விளிக்கிறார். தமிழில் 'துரை' உண்டு. ஆனால் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அச்சொல் வெள்ளைக்கார அதிகாரியின் தொப்பியை அணிந்துகொண்டது. பின்னர்க் கேலிக்கும் உரியதாயிற்று. கன்னடத்தில் 'தொரெ' அரசன், தலைவன் என்னும் பழம்பொருளை இழக்காமல் நாட்டுப்புறப் பேச்சின் மரியாதைச் சொல்லாகவும் வழங்குகிறது. 'துரையே' எனத் தமிழில் எழுதிய அளவில் வாயிலில் நிற்பவர் வளையல்காரராக இரார், தோட்டத்துக் கங்காணியாகிவிடுவார். 'ஐயா' என்பது தாழ்வில்லை. மனைவியைக் குறிக்க அவர் ஆளும் 'அம்ம' என்னும் சொல்லோடும் அது இணங்கி நிற்கும்.

ஒலவு

காதலுக்கும் அன்புக்கும் கன்னடத்தில் பெருவழக்காக உள்ள சொற்களுள் 'ஒலவு', 'ஒலுமெ' என்பவை குறிப்பிடத்தக்கவை. இவற்றின் வேராகிய 'ஒல்' தமிழிலும் உண்டு. தமிழில் அது இயலுதல், இசைதல், பொருந்துதல் என்னும் பொருள்களில் நின்றது. எதிர்மறையில் 'ஒல்லார்' என்பது பகைவரைக் குறித்தது. ஒரே வேரிலிருந்து ஒரு மொழி இசைவின் நிறைவை எடுத்து அன்புக்குப் பெயராக்க, மற்றொரு மொழி இசைவின் இன்மையை எடுத்துப் பகைக்குப் பெயராக்கியது. இரு மொழியும் சேர்ந்து நோக்கினாலன்றி இவ்வேரின் முழு வரலாறு புலப்படாது.

'ஒலவு' என்பதைக் 'காதல்' எனப் பெயர்ப்பது இன்று வழக்கமாகிவிட்டது. பழந்தமிழில் காதல் பரந்த சொல். மகனைக் காதலன் என்ற வழக்கும் உண்டு. இக்காலத்தில், திரைப்பாடல்களின் கைங்கரியத்தால், அது மணத்திற்கு முந்திய நிலைக்கே உரியதாகச் சுருங்கியது. நரசிம்மசுவாமி பாடுவதோ மணத்திற்குப் பிந்தியது. அவருடைய காதலர் மாமனார் வீட்டிற்குப் பயணம் போகிறவர்கள். ஊடி, பின் ஒருவர்க்கொருவர் சொல் அனுப்புகிறவர்கள். ஆகவே பெயர்ச்சொல் தேவைப்படும் இடத்தில் 'அன்பு' என்பதே நிற்கும். இயலுமிடத்து வினையாக்கிவிடுதல் இன்னும் நன்று.

நரசிம்மசுவாமி ராபர்ட் பர்ன்சின் காதற்பாடல்களைக் கன்னடத்தில் பெயர்த்தவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. பர்ன்சு எழுதிய ஸ்காட்ஸ் மொழிக்கும் ஆங்கிலத்திற்கும் உள்ள உறவும் உடன்பிறப்பு உறவே. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் பர்ன்சைப் பாதி புரிந்துகொண்டு முழுதும் புரிந்ததாக எண்ணுவர். தமிழர் கன்னடத்தைப் படிக்கும்போது நேர்வதும் ஏறத்தாழ அதுவே.

கண்ணோட்டம்

குண்டப்பாவின் நூற்பெயரே மொழிபெயர்ப்பிற்கு உடன்படாதது. 'கக்க' என்பது தெளிவில்லாப் பிதற்றலைக் குறிக்கும் சொல். தமிழ்க் குழந்தைப் பேச்சில் அதற்குள்ள பொருளோ வேறு. 'மங்கு' தமிழில் மங்குதலை நினைவூட்டி ஓரளவு பொருந்தும். எனினும் மெல்லினத்தை அடுத்த வல்லினத்தைத் தமிழர் மென்மையாகவே ஒலிப்பராதலின், கன்னடத்தின் வல்லோசையை எழுத்தில் காட்ட வழியில்லை. 'மந்தத் திம்மனின் பிதற்றல்' என்றால் பொருள் வரும், நூல் வராது.

இத்தகைய தலைப்பைச் சூடிய நூலைக் 'கன்னடத்தின் பகவத்கீதை' என்று போற்றுவது நிலைபெற்ற வழக்காகிவிட்டது. அப்பாராட்டு நூலை அடுக்களைச் சுவரிலிருந்து எடுத்துப் பூசை அறையில் வைத்துவிடுகிறது. செய்யுள் தோறும் இறுதியில் 'மங்குதிம்ம' என்னும் விளி வருகிறது. அறிவுரை பெறுபவன் ஊரார் அல்லன். மந்தன் என்று தன்னையே அழைத்துக்கொள்ளும் ஒருவன். கற்பிப்பவன் உயரத்தில் நில்லாத அறநூல் இது. தமிழில் நெஞ்சை விளித்துப் பாடிய மரபு இதற்கு அணித்தாக வருகிறது. எளியோர்க்கு வெல்லமாக இரு என்னும் கருத்தில் ஒரு செய்யுள் உண்டு. அதன் இனிமை உவமையில் மட்டும் இல்லை. அறிவுரை சொல்பவனும் அதைக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்பதிலும் இருக்கிறது. இரண்டாம் எழுத்து ஒன்றும் எதுகை தமிழுக்கும் கன்னடத்திற்கும் பொதுவாதலால், வடிவத்தைக் காப்பது தமிழ்ப் பெயர்ப்பில் பெருந்தடையாக இராது. குரலைக் காப்பதுதான் தடை. தமிழ் அறநூல் நடையின் கட்டளைத் தொனி தானே வந்து ஏறிக்கொள்ளும்.

அன்பையும் அருளையும் வள்ளுவர் வேறுபடுத்திய முறை தமிழாசிரியர் அறிந்ததே. அன்பு தொடர்புடையார்மேல் செல்வது, அருள் தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் செல்வது என்பது பரிமேலழகர் வழிவந்த விளக்கம். ஆனால் குண்டப்பாவின் கருணைக்கு இவ்விரண்டினும் நெருங்கிய சொல் 58ஆம் அதிகாரத்தின் பெயரான 'கண்ணோட்டம்'. கண் ஒருவர்மேல் ஓடுவதும், ஓடிய கண் இரங்குவதும் ஒரே சொல்லில் அடங்கின. பார்த்தலையும் பரிவையும் பிரிக்காத சொல் பிற மொழிகளிலும் எளிதில் கிட்டுவதன்று. இருபதாம் நூற்றாண்டில் தமிழர் அதைக் கருத்துநிலை, நோக்குநிலை என்னும் பொருளுக்குக் கொடுத்துவிட்டனர். 'அவருடைய கண்ணோட்டத்தில்' என்று இன்று எழுதும்போது அங்கே இரக்கம் எதுவும் இல்லை. குறளைக் கன்னடத்திற்குக் கொண்டுசென்றவர்கள் பலர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர். நரசிம்மாச்சார் அதன் ஒரு பகுதியை 'நீதிமஞ்சரி' எனச் செய்யுளாக்கினார், பின்னர் எல். குண்டப்பா நூலைப் பெயர்த்தார். அச்சொல்லின் பழம்பொருளைப் பெயர்க்க வேண்டிய தேவை, அதைத் தொலைத்த தமிழரினும் அவர்களுக்கே மிகுதியாக நேர்ந்திருக்கும்.

பெங்களூர் அல்சூர் ஏரியருகே 1991-இல் நிறுவப்பட்ட வள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்து, 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே மாதத்தில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. சிலைகள் இடம் மாறின. நூல்கள் அவ்வளவு விரைவாக மாறவில்லை.

அறிவும் கடைப்பிடியும்

கன்னட வசன இலக்கியத்தில் 'அறிவு' என்பது அடிப்படைச் சொல். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சரணர்கள் நெசவும் தோலும் படகும் பற்றிய தம் தொழில்களுக்கிடையே பேசிய பேச்சில் அது கல்வியாலான அறிவைக் குறிக்கவில்லை. விழித்திருக்கும் உணர்வைக் குறித்தது. அதன் மறுதலை அறியாமை அன்று, 'மறெவு', அதாவது மறதி. பெங்களூர்ப் பசவ சமிதி வசனங்களை இந்திய மொழிகள் பலவற்றில் பெயர்த்து வெளியிட மேற்கொண்ட பெருந்திட்டத்தில் தமிழும் ஒன்று. அத்தகைய பணியில் 'அறிவு' என்பதை 'அறிவு' என்றே எழுதிவிடும் கவர்ச்சி மிகப் பெரிது. சைவ சித்தாந்த நூல்களில் அறிவுக்குச் சித்து என்னும் பொருள் உண்டாதலின் அது முற்றும் பிழையும் ஆகாது. ஆனால் இன்றைய தமிழ் வாசகர்க்கு அறிவு என்றால் தேர்வு, மதிப்பெண், மூளை.

'விழிப்புணர்வு' என்பது இன்று சாலைப் பாதுகாப்பு வாரத்திற்கும் நோய்த்தடுப்பு முகாமிற்கும் உரிய சொல்லாகிவிட்டது. கன்னட 'எச்சர' விழித்திருத்தலைக் குறிக்க, தமிழில் அதன் உறவான 'எச்சரிக்கை' மின்கம்பத்தில் மண்டையோட்டுப் படத்தின்மேல் தொங்குகிறது. கணந்தோறும் கருத்தூன்றி வாழ்தல் என்னும் கருத்து அயல்நாட்டுப் பயிற்சி நூல்கள் வழியே அண்மைக் காலத்தில் பெருகி வந்து, தமிழில் தனக்கொரு சொல் இல்லாததுபோல் நிற்கிறது. உண்மையில் சொல் உண்டு. இறையனார் களவியல் உரை ஆடவர்க்குரிய நான்கு குணங்களாக அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என்பவற்றைக் கூறும். கடைப்பிடியாவது கொண்ட பொருளை மறவாமை. பாலி மொழியில் 'சதி' என்னும் சொல்லும் நினைவு என்னும் பொருளில் பிறந்ததே. எண்வகை நெறியின் ஏழாம் உறுப்பைத் தமிழில் 'நற்கடைப்பிடி' என வழங்கியவர்கள் சொல்லின் நாடி அறிந்தவர்கள். குறளின் 54ஆம் அதிகாரமான 'பொச்சாவாமை'யும் தம்மபதத்தின் இரண்டாம் இயலான 'அப்பமாத'மும் இரு வேறு சமய உலகங்களில் நின்றும் ஒரே குறையைப் பேசுகின்றன. அது தீமையன்று, சோர்வு; மகிழ்ச்சியில் கைநழுவ விடுதல்.

கடைப்பிடி இன்று 'விதிகளைக் கடைப்பிடி' என்னும் அறிவிப்புப் பலகைக்குப் போய்விட்டது என்பது உண்மையே. ஆயினும் மீட்கத்தக்க தொலைவில்தான் இருக்கிறது.

ராயர் வந்த இரவு

இவையெல்லாம் ஒருங்கே சோதிக்கப்படும் இடம் 'மைசூர மல்லிகெ'யின் மிகப் புகழ்பெற்ற பாடல். மருமகன் இரவில் மாமனார் வீட்டிற்கு வருகிறார். வாயிலில் கால் கழுவ வெந்நீர் காத்திருக்கிறது. விருந்து உண்டு, வெள்ளிக் கிண்ணத்தில் கசகசாப் பாயசம் உண்டு. மனைவியின் தங்கை சிரித்த முகத்தோடு வருகிறாள். மனைவி பதுமா மட்டும் வரவில்லை. அவள் உள்ளே இல்லை என்று மட்டும் கவிதை கூறுகிறது. காலையில் அவர் மனத்தாங்கலுடன் புறப்பட நிற்கையில் குளியலுக்கு நீர் ஆயிற்று என்னும் செய்தி வருகிறது. பின்னர்ப் பதுமா பூச்சூடி வருகிறாள்.

'உள்ளே இல்லை' என்பதைக் கேட்ட கன்னடக் குடும்பத்தார் புன்னகை செய்வர். மாதவிலக்கான பெண் வீட்டினுள் புழங்காமல் 'வெளியே' இருக்கும் வழக்கத்தை அறிந்தவர்க்கு அது இடப்பொருள் தரும் தொடர் அன்று. ராயர்க்கு மட்டும் அது உடனே புரியவில்லை என்பதில்தான் கவிதையின் நகை. தமிழில் 'உள்ளே இல்லை' என்றால் வெளியூர் போயிருக்கிறாள் என்றே பொருள்படும். 'வீட்டுக்கு விலக்கு', 'தூரம்' என்று எழுதினால் புதிர் முதலிலேயே அவிழ்ந்துவிடும். 'பதுமா வெளியே இருக்கிறாள்' என்பது ஒன்றே தமிழில் இரு பொருளையும் ஓரளவு தாங்கும். 'வெளியே உட்கார்தல்' என்னும் வழக்கு மூத்தோர் நினைவில் இன்னும் இருப்பதால். இளையோர்க்கு அதுவும் எட்டாது. அவ்வழக்கம் மறைவது நன்றே. ஆயினும் வழக்கத்தோடு அதைச் சுற்றி வீட்டார் வளர்த்த மறைமொழியும் மறைகிறது. மொழிபெயர்ப்பாளன் கைக்கு எஞ்சுவது அந்த மறைமொழியின் நிழல்தான்.

இதற்கு இணையான ஒன்று தமிழ் அகப்பொருள் மரபில் உண்டு. தலைவி பூப்பெய்தினாள் என்பதைப் பரத்தையர் சேரியிலுள்ள தலைவனுக்கு வாயால் சொல்லாமல், செந்நிற அணி பூண்ட சேடியை அனுப்பி உணர்த்துவதை நாற்கவிராச நம்பியின் 'அகப்பொருள் விளக்கம்' செவ்வணி என்னும் துறையில் அமைக்கும். நரசிம்மசுவாமியின் பாடலில் செந்நிற அணியின் இடத்தைத் தங்கையின் சிரிப்பு எடுத்துக்கொள்கிறது. பரத்தையும் இல்லை, பழியும் இல்லை. அறியாமல் முகம் வாடிய ஒரு கணவன் மட்டும் உண்டு. பழைய துறையின் கசப்பு நீங்கி அதன் நாகரிகம் மட்டும் எஞ்சிய வடிவம் என இதனைக் கூறலாம்.

உறவுச்சொற்களில் கவனம் பிழைத்தால் பாடலே கவிழும். தங்கைக்குக் கன்னடம் ஆளும் சொல் 'நாதினி'. ஓசையை நம்பி 'நாத்தனார்' என்று எழுதினால் அவள் கணவனின் உடன்பிறந்தாளாகிவிடுவாள். கன்னடத்தில் மனைவியின் தங்கைக்கும் செல்லும் சொல் தமிழில் கணவன் வழிக்கு மட்டும் உரியதாக நின்றது. மைத்துனி, கொழுந்தியாள், மச்சினி என்பவற்றுள் வட்டாரத்திற்கேற்ப ஒன்றைக் கொள்ளலாம். 'மனெ' என்பதை 'மனை' என்றால் வாசகர் விற்பனைக்குள்ள வீட்டுமனையை நினைப்பர். 'ராயரு' என்பதை 'ராயர்' என்றே விட்டால் தமிழ்நாட்டில் மந்திராலய மகானோ மயிலாப்பூர்ச் சிற்றுண்டிக் கடையோ தோன்றும். வீட்டார் பார்வையில் சொல்லப்படும் கதையாதலால், மரியாதையும் மெல்லிய கேலியும் கலந்த 'மாப்பிள்ளை' என்னும் சொல்லே இயல்பாகப் பொருந்தும். 'மாப்பிள்ளை வந்தார்' என்னும்போது வீடு முழுதும் பரபரப்பது தமிழ்க் காதுக்குக் கேட்கும்.

கடைசியில் நீர். கன்னட வழக்கில் 'நீர் ஆயிற்று' என்றால் குளியல் நீர் காய்ந்து அணியமாயிற்று என்பது பொருள். தமிழில் 'நீராயிற்று' என்பது உருகிப்போன பனிக்கட்டிக்கு உரியது. 'தலைக்கு நீர்' என்று தெளிவாக்கினால் குறிப்பு கெடும். 'தலைமுழுகுதல்' என்னும் சொல்லின் பக்கமே போகலாகாது. உறவை அறுத்தெறிதல் என்னும் பொருளை அது தமிழில் சுமந்து திரிகிறது. கணவன் பெட்டியோடு நிற்கும் வேளையில் அச்சொல்லைக் கேட்டால் கதையே வேறாகும். 'வெந்நீர் காய்ந்துவிட்டது' என்பது பொருந்தும். யாருக்கு என்று சொல்லாமல் விட்டுவிட வேண்டும். முந்திய இரவு வாயிலில் மாப்பிள்ளையின் காலுக்கு வந்ததும் வெந்நீர். காலையில் உள்ளே காய்ந்திருப்பதும் வெந்நீர். தமிழ்ப் பெயர்ப்பில் அவ்விரு இடத்திலும் அதே சொல் நிற்க வேண்டும்.